வெசெலிங்கா பெயரில் எடுத்த ஸ்கேன்

டெசாங்கா ஸ்டோய்ல்கோவிச் ஆகிய நான் (வயது 58, தந்தை பெயர் லூபோமிர்) லெஸ்கோவாட்ஸ் நகரம், நெசவாலைக் குடியிருப்பில் வசிக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

என் தங்கை வெசெலிங்காவுக்கு மார்பில் புற்றுநோய். அதற்குக் கீமோ சிகிச்சையின் சிவப்பு மருந்தை ஏற்றி வந்தார்கள். அது இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால் நான்காம் முறைக்கு முன் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் அளவைக் காட்டும் எண் ஐம்பதுக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

செப்டம்பர் 9 அன்று அய்வார் என்ற மிளகாய்த் தொக்கு கிளறுவதற்காக நாங்கள் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது அவள் அழுதாள். “நிறுத்திட்டாங்கன்னா கட்டி என்னைத் தின்னுடும்க்கா. ஸ்கேனுக்கு எனக்குப் பதிலா நீ போய்ப் படுத்துக்கோ.” முதலில் திட்டினேன், பிறகு சம்மதித்தேன்.

மறுநாள் அவளுடைய மருத்துவ அட்டையோடும், முடி கொட்டிய தலையில் அவள் கட்டும் துணியைக் கட்டிக்கொண்டும் போனேன். எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு பொட்டலம் காப்பித்தூளும் கொண்டுபோனேன். ஸ்கேன் எடுக்கும் திஹோமிர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. “இது எதுக்கும்மா?” என்று கேட்டு வாங்கி மேசையில் வைத்தார். ஸ்கேன் முடிந்ததும், “அறுபத்து நாலு! குதிரை மாதிரி ஓடுதும்மா உங்க இதயம்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பின் நான்காம் மருந்தை ஏற்றினார்கள். பத்தாம் நாளிலிருந்து அவளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினாள். நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தின் எண் இருபத்தெட்டு. நன்றாக இருந்த இதயம் எப்படி இவ்வளவு சீக்கிரம் விழும் என்று மருத்துவர்கள் வேறு நோயைத் தேடினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

அதன் பின் காப்பிக்காகப் பொய் எண் எழுதியதாக திஹோமிரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நேற்று வெசெலிங்கா என் கையைப் பிடித்து, “பழி அவன்மேலேயே இருக்கட்டும்க்கா, நீ உளறிடாதே” என்றாள். சரி என்று தலையாட்டினேன். இன்று காலை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

திஹோமிர் எழுதிய அறுபத்து நாலு சரியான எண். அது என் இதயத்தின் எண்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) டெசாங்கா ஸ்டோய்ல்கோவிச்