வியாழக்கிழமைக் கூடை

எங்கள் ஆபீஸில் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தரும் சமோசா நன்றாக இருக்கும். மற்றபடி எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. இருபது பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறிவுப் பகிர்வாம். அப்படிச் செய்தால் வேலையில் பிடிப்பு வருமாம். பேச்சு கெடக் கூடாது என்று எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைப்பார்கள். நான் சீனியர் என்பதால் கூடை என் மடியில் இருக்கும்.

இருபத்தெட்டு வருஷமாகப் பென்ஷன் பிரிவில் இருக்கிறேன். எந்த ஃபைல் எங்கே முட்டிக்கொண்டு நிற்கும், எந்தப் பழைய ஆணையைக் காட்டினால் நகரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெரிய அதிகாரிகளே "வத்சலாஜி, ஜரா தேக்கியே", கொஞ்சம் பாருங்களேன், என்று என் மேஜைக்கு வருவார்கள்.

இளஞ்செழியன் போன வருஷம் எங்கள் பிரிவில் சேர்ந்தார். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நம் ஊர்ப் பிள்ளையாயிற்றே என்று நானும் சொல்லிக்கொடுத்தேன். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே பட்டியலாக்கி, ஒரு வியாழக்கிழமை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். அக்காவிடம் கற்றதுதான் என்று என்னைக் காட்டி வேறு சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து என் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளிப்பானேன்.

அவர் மனைவி வைஷ்ணவியையும் எனக்குத் தெரியும். நல்ல பெண். துவாரகாவில் நான்காம் மாடி ஃபிளாட், எட்டு மாதக் கர்ப்பம், இந்தி ஒரு வார்த்தை வராது. பகலெல்லாம் தனியாகத்தான் இருப்பாள்.

அன்றைக்கு வியாழக்கிழமைக் கூட்டத்தில் இளஞ்செழியன் பேசிக்கொண்டிருந்தபோது கூடையில் அவர் போன் அதிர்ந்தது. வைஷ்ணவி. கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடி கட் செய்தேன். ஒன்பது முறை என்று போலீஸ்காரர்கள் நீங்கள் போன் கணக்கை எடுத்து வைத்திருக்கிறீர்கள். இருக்கும், நான் எண்ணவில்லை. பிறகு ஒரு மெசேஜ் வந்தது. "ரத்தம் நிக்கல. பயமா இருக்கு. சீக்கிரம் வாங்க." போனைத் திறக்காமலே முழுசாகத் தெரிந்தது.

அவர் பேச்சை முடிக்கப் போனார். நான் கையைத் தூக்கினேன். "தம்பி, அந்தக் குடும்பப் பென்ஷன் விஷயத்த ஆரம்பத்துலேர்ந்து ஒரு தடவ சொல்லேன். எனக்குச் சரியாப் பிடிபடல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களே கேக்கறீங்களாக்கா?" என்று போர்டில் எழுதத் தொடங்கினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் குறிப்புகூட எடுத்தேன்.

குழந்தை வயிற்றிலேயே போயிற்று. வைஷ்ணவி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போனாள். இரண்டு வேளையும் அவருக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். "போனைக் குடுத்திருக்கவே கூடாதுக்கா, என் தப்பு" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். "மனசத் தேத்திக்கோப்பா" என்றேன். அவருக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்.

அவளைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள்மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று மறுபடியும் என்னிடம் இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.