மகள் பாட்டின் முதல் வரி

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வீரபாண்டி தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர், அப்போதுதான் பழகிய பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

“என் மக பாட்டுல நான் வஞ்ச வசவெல்லாம் வருதுக்கா.”

“உன் மக பாட்டுக்காரியா?”

“தேனியில ஒரு காபிக் கடையில கிட்டார் வச்சுப் பாடிக்கிட்டிருந்தா. பாட்டெல்லாம் அவளே எழுதுனது. டீச்சர் வேலைய விட்டுட்டுக் கடையில பாடுறதுன்னா இனி இங்கன வராதன்னுட்டேன். ரெண்டு வருசமாப் பேச்சில்ல.”

“பெறகு?”

“அங்கன காபி குடிக்க வந்தவுக ஒருத்தர் கேட்டுட்டு, மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி ரெக்கார்டு பண்ணாக. ‘இங்கன வராத’ங்கிறதுதேன் மொத வரி. ‘இங்கே’ன்னு மாத்திப் பாடச் சொன்னாகளாம். ‘எங்கம்மா அப்படித்தேன் பேசும், மாத்த மாட்டேன்’னு நின்னுட்டாளாம். பேட்டியில சொன்னா. இப்ப எல்லார் போன்லயும் அதுதேன் ஓடுது.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன். அதுல கோவமே இல்லக்கா. அதுதேன் எனக்குத் தாங்கல.”

பஸ் சின்னமனூர் தாண்டியது.

“இன்னைக்கு உத்தமபாளையத்துல ஒரு காலேசுல பாடுறா. என்னையக் கூப்புடல. பின்னாடி நின்னு கேட்டுட்டு வந்துருவேன்.”

உத்தமபாளையம் வந்தது. அவர் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார். கம்பத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த மற்றவர் எழுந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டார்.

“எந்திரி ஆத்தா. நானும் வாரேன்.”

இருவரும் இறங்கினார்கள்.