கிறிஸ்ரியனின் முதுகில் கேட்ட இசை

அவைக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய குலசேகரம் ஐயா அவர்களே! கொட்டும் பனியையும் குத்தும் குளிரையும் பொருட்படுத்தாது குரோருட் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பேச்சுக்குக் காதையும் பிள்ளைக்கு மடியையும் கொடுத்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! தமிழில் சிரித்து, நோர்வேஜிய மொழியில் சண்டை பிடிக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் அனஸ்ரேசியாவின் அன்பு வணக்கம்.

மன்னாரில் பிறந்தவள் நான்; ஹவுகெட்டோவில் வாழ்பவள். வாரநாளில் மருந்துக்கடையில் வேலை. வார இறுதியில் ஒஸ்லோவின் சின்னஞ்சிறு இசை விடுதிகளில், கீழ்ச்சுருதியில் அதிரும் பேஸ் கிற்றார் வாசிப்பேன். 'மேற்கத்திய இசையும் நாமும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்புப் பெரிது, நான் சிறியவள். ஆகவே ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

என்ன சொன்னீர்கள், பின்வரிசையில்? பாட்டா? ஐயோ தம்பி, நான் பாடினால் மண்டபம் காலியாகிவிடும்!

நாங்கள் வாசித்தது ரிதம் அண்ட் புளூஸ். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தங்கள் அழுகையை அடக்கிவைக்காமல், அதற்கு ஆடக் கற்றுக்கொடுத்த இசை. எங்கள் குழுவின் தலைவி ஹன்னா, பாடுபவரும் அவரே. டிரம்ஸ் வாசித்தவர் கிறிஸ்ரியன். அவர் தட்டத் தொடங்கினால் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைப்பார். கோபித்துக்கொண்டிருந்தவர் கோபத்தைக் கீழே வைப்பார்!

அந்தத் தாளம் ஓர் இலையுதிர்காலத்தில் தடுமாறத் தொடங்கியது. பாட்டு நின்ற பிறகும் தட்டினார். ஹன்னா ஏசினால் சிரித்தார். ஒத்திகை முடிந்த ஒரு மாலை, "என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"என்ரை காது போட்டுது, அனஸ்ரேசியா. ஹன்னா பாடுறது கேக்கேல்லை. உன்ரை பேஸ் மட்டும் கேக்குது. காதிலை இல்லை, முதுகிலை."

முதுகில்! நமக்கெல்லாம் இசை காதில் விழுந்து காற்றோடு போகிறதே, அந்த மனிதருக்கு அது எலும்பில் இறங்கியிருக்கிறது!

நான் ஹன்னாவிடம் பேசினேன். ஹன்னா கல்நெஞ்சக்காரி அல்ல. குழு சிதறிவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கு. "ஸ்ட்ரோம்மன் விடுதி நிகழ்ச்சியோடை அவர் விலகட்டும். வேறை ஆளைப் பாத்திட்டன்" என்றார். நான் விடவில்லை, வாதாடினேன். வீட்டுக்கு வந்தால் என் கணவர் அருளானந்தன் கேட்கிறார்:

"நீ ஏனப்பா அந்த மனுசனுக்காகச் சண்டை பிடிக்கிறாய்? ஹன்னா உன்னையும் நிப்பாட்டினா?"

"நிப்பாட்டட்டும். கேக்கிற வரைக்கும் அவர் வாசிக்கட்டும்."

ஸ்ட்ரோம்மனில் ஒரு ஞாயிறு மதியம். என் ஸ்பீக்கர் பெட்டியில் கிறிஸ்ரியனின் முதுகு முட்டும்படி அவருடைய இருக்கையைப் போட்டோம். பாட்டுக்குப் பாட்டு அவர் தாளம் பிசகவில்லை. ஹன்னாவே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்படியே முடிந்திருந்தால் நான் இன்று என்ன பேசுவேன்? பாட்டின் நடுவில் பெட்டி படீரென்றது. என் கிற்றார் ஊமையாயிற்று!

கிறிஸ்ரியனின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. அவர் கண்களை அன்று பார்த்தவள் நான். கரை தெரியாத கடலில் கைவிடப்பட்டவரின் கண்கள். ஹன்னா பாட்டை நிறுத்தினார்.

கிற்றார் ஊமையானால் என் கால்களுமா ஊமை? மேடையோ பலகை! அவர் அருகே போய் ஓங்கி மிதித்தேன். மிதித்தேன், மீண்டும் மிதித்தேன். அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குச்சி இறங்கியது! ஹன்னாவும் மிதித்தார். அதைக் கண்டு விடுதியே எழுந்து மிதித்தது. வாத்தியம் பாதி, பாதம் பாதியாக அந்தப் பாட்டு முடிந்தது.

மேடையை விட்டு இறங்கும்போதே ஹன்னா சொன்னார்: "வேறை ஆள் வேண்டாம்."

அடுத்த பனிக்காலம் முழுவதும் கிறிஸ்ரியன் வாசித்தார். பிறகு ஒருநாள் ஒத்திகையில் குச்சிகளை மெல்லக் கீழே வைத்தார்.

"இப்ப முதுகிலையும் மங்குது. நீங்கள் என்னை இந்த இடத்திலையிருந்து எழுப்பேல்லை. நானாத்தான் எழும்பிறன்."

அன்புள்ளவர்களே! இந்நாட்டில் வந்திறங்கியபோது நாமும் காதிருந்தும் கேளாதவர்களாய் நிற்கவில்லையா? சொன்னது விளங்காமல் சிரித்துச் சமாளிக்கவில்லையா? இன்றும் நம் வீடுகளில், பேரப்பிள்ளையின் பேச்சுப் பிடிபடாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இல்லையா? 'இவருக்கு இனி விளங்காது' என்று எத்தனை விரைவில் முடிவு கட்டிவிடுகிறோம்! எழும்பும் நேரத்தை அவர்கள் தீர்மானிக்கட்டும். அதுவரை அவர்கள் காலடியில் தாளம் கேட்கச் செய்வது நம் கடன் அல்லவா?

கிறிஸ்ரியன் இங்கேதான் இருக்கிறார். அதோ, மூன்றாம் வரிசையில், என் கணவருக்குப் பக்கத்தில். நான் பேசியதில் ஒரு சொல்லும் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தமிழ் விளங்கியிராது! சிரியுங்கள், சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார்.

இந்த மண்டபத்தின் தரையும் பலகைதான். அழைத்த சங்கத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம். கைகள் மடியில் இருக்கட்டும், உறவுகளே. கிறிஸ்ரியனுக்காக உங்கள் கால்கள் பேசட்டும்!