குளத்தை நிரப்பி வைத்த ஊரும் ரோசலின் அம்மாவும்

கடல் கடந்து வந்தோரையும் காட்டுவேலை விட்டு வந்தோரையும் ஒரே பாயில் அமரவைத்த அன்புத் தாயே! நன்செய் கிராம மேம்பாட்டுச் சங்கத்தின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலராகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, இந்த 2008 ஜனவரியில் ஓய்வு பெறும் ரோசலின் அம்மா அவர்களே! வணக்கம்.

புகழுரை என்றால் உங்களுக்கு வேப்பங்காய் என்பது எங்களுக்குத் தெரியாதா? ஆகவே பெருமைகளை அடுக்காமல் ஒரு கதை மட்டும் சொல்கிறோம். கூச்சம் வேண்டாம், யாரோ ஒரு ரோசலின் அம்மாவின் கதை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1999, சித்திரை வெயில். தாடிக்கொம்புப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் குளத்தைத் தூர்வார உதவிய நெதர்லாந்து நிறுவனத்திலிருந்து மார்கிரீத் என்ற அம்மையார் பார்வையிட வந்தார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் வரத்து வாய்க்கால் வேலைக்கு உதவி கிடைக்கும். வாய்க்கால் இல்லையேல் குளம் வெறும் பள்ளந்தான்.

மேளம் கொட்டி, நிறைகுடம் காட்டி, விருந்தாளியைக் கரைக்கு அழைத்துப் போனார்கள். குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர்! போன வாரம்தான் ரோசலின் அம்மா அங்கே ஆடு மேய்வதைப் பார்த்திருந்தார். சுற்றிலும் நோட்டம் விட்டார். புதருக்குள் பம்புசெட் ஹோஸ் கிடந்தது. பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகைச் செடிகள் வாடி நின்றன.

"வேலை முடிஞ்சு தண்ணி நிக்குதுன்னு சொல்லிருங்கம்மா," என்று கிசுகிசுத்தார் குளக்கமிட்டித் தலைவர் சடையாண்டி.

சொல்லியிருக்கலாம், மொழிபெயர்ப்பவர் வாயில்தானே இரு தரப்பும் இருக்கிறது! ஆனால் எட்டு வருடமாக இவருடைய கடிதங்களை நம்பியவர் அந்த அம்மையார். உண்மையைச் சொன்னாலோ, ஏமாற்றுக்காரர்கள் என்ற பழி ஊரின்மேல் விழும், வாய்க்காலும் போகும். ரோசலின் அம்மா சடையாண்டியிடம் திரும்பினார்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க? அதை அவுககிட்டயே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம நான் எடுத்துச் சொல்றேன்."

சடையாண்டி தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "விருந்தாளி அம்புட்டுத் தூரம் தாண்டி வாராக. வெறுங்குடத்தோட எதுக்க வந்து நிப்பமா? வெறுங்குளத்தை மட்டும் எப்படிக் காட்டுறது? அதான் நாலு நாளா கெணத்துத் தண்ணிய எறைச்சு விட்டோம். பூவு போனாப் போகுது. வாய்க்கா வெட்டாம இதுக்குச் சொட்டுத் தண்ணி வராது தாயி."

ரோசலின் அம்மா அத்தனையையும் அப்படியே சொன்னார். நிறைகுடத்தைச் சுட்டிக்காட்டி அந்த வழக்கத்தையும் விளக்கினார். மார்கிரீத் வாடிய செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தண்ணீரும் எனக்காகவா?" என்றார் கடைசியில். "அடுத்த முறை இருப்பதை மட்டும் காட்டுங்கள்." சடையாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அறிக்கையிலும் நடந்ததை நடந்தபடி எழுதினார். மறு ஆண்டே வாய்க்கால் வந்தது. அந்த ஐப்பசியில் குளமும் நிறைந்தது.

அம்மா, கதை முடிந்தது. ஆயிரம் கடிதம் எழுதினீர்கள். ஒன்றிலும் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை, ஒன்றிலும் பொய்யும் இல்லை. இனி அந்த மேசையில் நாங்கள் உட்கார வேண்டும் என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நோய்நொடியின்றி நூறாண்டு வாழுங்கள். வழி தெரியாதபோது வாசலில் வந்து நிற்போம், விரட்டிவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்தோம். சடையாண்டி அண்ணன் காலையிலேயே அந்தக் குளத்துத் தண்ணீரோடு வந்துவிட்டார். குடத்தில் பாதிதான் இருக்கிறது. ஏன் என்று கேட்டோம்.

"இந்த வருசம் கொளமே பாதிதான்ப்பா. அம்மாகிட்டப் போயி கூட்டிக் காட்டவா?" என்றார்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
சங்கப் பணியாளர்கள்,
திண்டுக்கல்.