ஹெட்போனை இறக்கி வைத்த தனபாக்கியம் அம்மாவுக்கு

கனிந்த குரலால் கலக்கம் தீர்த்த கண்மணியே! பதறிய பேச்சையும் பதறாது கேட்ட பண்பின் பெட்டகமே! பொறுத்துப் பொறுத்தே புண்ணாகிப் போன எங்கள் பொன்னே! சுரங்கத்து டெலிபோன் போர்டின் முன் ஒன்பது ஆண்டுகள் அசையாமல் அமர்ந்திருந்த அன்னையே! தனபாக்கியம் அம்மாவே! வணக்கம்.

சற்று முன் மண்டபத்தில் வாசித்த மடலில் தங்கள் கடமையும் கண்ணியமும் அழகழகாகச் சொல்லப்பட்டன. "சொந்தக் காரணங்களால் விருப்ப ஓய்வு" என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரி எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்காத இந்த ஓய்வறையில், தங்களோடு ஷிப்ட் பார்த்த பெண்களாகிய நாங்கள் எங்கள் மடலை வாசிக்கிறோம். இதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாலும் மாட்டுவதற்குச் சுவர் கிடையாது.

தரைக்கடியில் ஊற்று முட்டிக்கொண்டே இருக்கும் ஊர் இது. பம்புகள் அல்லும் பகலும் நீரை வெளியே விட்டால்தான் சுரங்கத்தின் அடித்தளம் தாங்கும். பம்பு நின்றால் அந்தச் சேதி முதலில் நம் போர்டுக்குத்தான் வரும். அதனால் நாமே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஹெட்போனை மேசைமேல் வைக்கக் கூடாது. ஒரு தலையிலிருந்து கழற்றினால் இன்னொரு தலைக்குத்தான் மாட்ட வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரி வரும்வரை எழ முடியாது. "கீழ ஆளுங்க வேலை செஞ்சிகினு இருக்காங்கடி. நான் எழுந்து போன நேரம் பார்த்து மணி அடிச்சா என்னா பண்ணுவ?" என்பீர்கள்.

தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று குடிப்பதையே விட்டீர்கள். சிறுநீர் வராவிட்டாலும் போய்விட்டு வந்தால் நல்லது என்று ஷிப்டுக்கு முன் போய் வந்தீர்கள். மற்ற நேரமெல்லாம் அடக்கினீர்கள். பிறகு அடக்காத நேரத்திலும் அது அடங்கியே கிடந்தது! முட்டிக்கொண்டு ஓடினால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றது. மலம் கழிக்க முக்கி முக்கிக் கண்ணில் நீர் வந்தது. உட்கார்ந்தால் அடியில் நெருப்பு. படுத்தால் வால் எலும்பில் குடைச்சல். சூடு என்றார்கள், இளநீரும் வெந்தயமும் கொடுத்தோம். பிள்ளை பெற்றவள், அடிவயிறு தளர்ந்திருக்கும் என்றார்கள். பிரசவமானவர்களுக்குச் சொல்வதுபோல் கீழ்த்தசையை இறுக்கிப் பழகச் சொன்னார்கள். எதையும் குறைவின்றிச் செய்கிற தாங்கள் அதையும் குறைவின்றிச் செய்தீர்கள். வலி இரட்டிப்பாயிற்று. ஐயோ, அந்த நாட்களை எப்படிச் சொல்வது!

கடலூரில் கோயமுத்தூர்க்கார டாக்டர் பார்வதி அம்மையார்தான் கைவைத்துப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, தளர்ந்து போகலைங்க, இறுகிப் போயிருக்குது. வேலை முடிஞ்சும் கையை முட்டியாவே மூடி வெச்சிருந்தா வலிக்காதுங்களா? அதேதானுங்க. இனி இறுக்காதீங்க. விடப் பழகுங்க." வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார். முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சு அடிவயிறுவரை இறங்கும்போது கீழே எல்லாம் தணியவிடச் சொன்னார். முக்காமல், காலுக்குப் பலகை வைத்து, அவசரமின்றி உட்காரச் சொன்னார். தண்ணீரை நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

லீவில் இருந்தபோது இளகியது. தங்கள் முகத்தில் சிரிப்பைக்கூடப் பார்த்தோம். போர்டுக்குத் திரும்பி முதல் மணி அடித்ததும் உடம்பு தானாக இறுக்கிக்கொண்டது. மறுபடி லீவு, மறுபடி இளக்கம், மறுபடி மணி. வேலையா உடம்பா என்று வந்துவிட்டது. வயது ஐம்பதைத் தொடாத தாங்கள், இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டிய தாங்கள், உடம்பை எடுத்துக்கொண்டு வேலையைக் கொடுத்துவிட்டீர்கள். அதிலும் முழுக் குணம் நிச்சயமில்லை. நினைக்க நினைக்க எங்களுக்கு மனம் விட்டுப்போகிறது.

சுரங்கத்துத் தண்ணீரை அடைத்தால் ஆபத்து, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாள்தோறும் போனில் கேட்ட நமக்கு, நம் உடம்பைப் பற்றி ஒருவர் சொல்ல வேண்டியிருந்ததே!

திருவதிகை வீட்டில் மணியோசை கேட்காத காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும். வெந்நீர் ஆறாதிருக்கட்டும். மூச்சு அடிவயிறுவரை போய் வரட்டும். வலியில்லாமல் நீண்டகாலம் உட்கார்ந்து பேசியிருங்கள்!

இன்னும் வாழ்த்த ஆசைதான். ஆனால் இந்த விழாவுக்கு வராத ஒருத்தி இருக்கிறாள். செல்லக்கிளி மதியத்திலிருந்து போர்டில் இருக்கிறாள். நாம் எல்லோரும் இங்கே இருக்கிறோம். ஹெட்போனை வாங்க அங்கே ஒரு தலையும் இல்லை. அவளும் இப்போது அடக்கிக்கொண்டுதான் இருப்பாள். அம்மா, மன்னியுங்கள், மாலை பிறகு போடுகிறோம். முதலில் எங்களில் ஒருத்தி ஓடிப்போய் ஹெட்போனை வாங்கிக்கொண்டு அவளை எழுப்பிவிடட்டும்.

கண்ணீருடன்,
மாணிக்கம்மாள், பொன்னம்மாள், சின்னம்மாள்,
போர்டில் இருக்கும் செல்லக்கிளி.
நெய்வேலி, 1967