சம்பத்தின் வேனில் ஏறிய டேனியல்

அவைக்குத் தலைமையேற்று எங்களை அன்பால் ஆளும் பங்குத்தந்தை அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! ஷூ கம்பெனி வேலை முடிந்து, கையில் பசை வாசம் மாறும் முன்னே ஓடோடி வந்திருக்கும் என் தாய்மாரே! இளையோரே! இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டோம். வீட்டுக்கு வெள்ளையடித்தோம், வாசலில் நட்சத்திரம் கட்டினோம். உள்ளத்துக்கு என்ன செய்தோம்? வருகிறவர் சுவரைப் பார்க்கவா வருகிறார்?

ஆம்பூரில் தோல் வெட்டும் வேலை செய்யும் டேனியலின் கதையை, அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

போன ஆண்டு, பனி மூடிய ஒரு விடியலில், ஆட்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற வேன் ஒன்று, நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதியது. மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். முன் இருக்கையில் இருந்த டேனியலின் மனைவி சவுரியம்மாள் பிழைக்கவில்லை. வேனை ஓட்டியவர் அதே தெருக்காரர் சம்பத். அவர்மேல் குற்றமில்லை என்றது காவல்துறை. உடன் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். டேனியலின் நெஞ்சு மட்டும் கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்த சம்பத்தின் முகத்தில் கதவைச் சாத்தினார்.

வேனைப் பழுது பார்த்தும் சம்பத் அதைத் தொடவில்லை. வீட்டோடு முடங்கினார்.

இந்தத் திருவருகையின் முதல் வாரம். டேனியல் பாலகன் இயேசுவுக்குக் குடில் கட்டிக்கொண்டிருந்தார். சம்பத்தின் மனைவி கண்ணம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, அவரு ஸ்டியரிங்கப் புடிச்சா கை நடுங்குது. சோறு எறங்கல. உசுர வுட்டுடுவாரோன்னு பயமா கீது. திட்டணும்னாலும் வந்து திட்டுங்க. ஒரு வார்த்த பேசுங்கண்ணா."

"போம்மா" என்றார் டேனியல். அவ்வளவுதான்.

அன்று திருவருகைக் கால ஊதா மெழுகுதிரி ஏற்றி மண்டியிட்டவருக்குச் செபம் வரவில்லை. வாய் சொன்னது, உள்ளம் ஒட்டவில்லை. யாரை வரவேற்கக் குடில்? யாருக்குச் சாத்திய கதவு?

மறுநாள் காலை சம்பத்தின் வாசலில் நின்றார்.

"சம்பத்து, வண்டிய எடு. என்ன வேலைக்கு ஏத்திக்கினு போ."

"இன்னாண்ணா சொல்ற? என்னால முடியாதுண்ணா!"

"எனக்கும்தான் முடியல. வா."

ஏறினார், என் அன்பர்களே! எந்த இருக்கையில் தெரியுமா? சவுரியம்மாள் அமர்ந்த அதே முன் இருக்கையில்!

விபத்து நடந்த இடம் வந்ததும் சம்பத் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கதறினார். டேனியல் அவர் முதுகில் கை வைத்தார். அவரும் அழுதார். அப்புறம் சொன்னார்: "பாத்து ஓட்டு. போலாம்."

அம்மா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் முழுதும் போய்விட்டதா என்று டேனியலிடம் கேட்டேன். "இல்ல சார். சில நாளு திரும்ப வருது. வந்தா வேன்ல ஏறி அவன் பக்கத்துல குந்திக்கிறேன்" என்றார். இதுவல்லவா ஆயத்தம்! வலி தீரட்டும் என்று காத்திராமல், வலியோடே நடந்து போய் அடுத்தவர் கதவைத் தட்டுவதல்லவா ஆயத்தம்! நீங்கள் பேசாமல் விட்டவர் யார்? அவர் வீடு எவ்வளவு தூரம்? இன்றே போகக்கூடாதா?

மாதனூரிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, இன்று உங்களை இங்கே ஏற்றி வந்தவர் யார்? ஆம், சம்பத்தேதான்! அதோ, டேனியலின் பக்கத்தில் நிற்கிறார். கை தட்ட வேண்டாம், கூச்சப்படுவார். திரும்பும்போது அவர் வண்டியிலேயே நிம்மதியாக ஏறுங்கள்.

பொறுமையோடு செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. பிறக்கப்போகும் பாலகனின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கட்டும். வணக்கம்!