பாடாத செட்டும் ஒரு கையெழுத்தும்

– லைட் எரியுது, மணி காட்டுது, ஸ்டேஷன் நம்பர் ஓடுது. சத்தம் மட்டும் வரல. நாலு ஸ்பீக்கர்ல ஒண்ணுகூட மூச்சு விடல. எப்படிங்க இது?

– எப்படின்னா? கார்ல நீ மாட்டின ரேடியோ செட்டு. அதான்.

– நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடிச்சே! நீங்களும்தான் முன் சீட்டுல உக்காந்து தொடையில தாளம் போட்டீங்க.

– போட்டேன், இல்லேங்கல. கத்துக்குட்டி வேலை ஒரு நாள் பாடும், மறுநாள் படுத்துக்கும். இருபத்திரெண்டு வருஷமா வீடு வீடா ஒயரிங் பண்றவன் சொல்றேன், கேட்டுக்கோ.

– கேட்டுக்கிட்டேன். இப்ப ஃபாரத்துல கையெழுத்து போடுவீங்களா, மாட்டீங்களா?

– எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போடுறது? கார் ரேடியோவையே ஊமையாக்கினவளுக்கு ஒயர்மேன் பரீட்சையா? லைசென்ஸ் ஆபீஸ்ல என்னைப் பாத்து சிரிப்பாங்க. சம்சாரம்கிறதால போட்டுட்டான்னு சொல்லுவாங்க.

– மூணு வருஷமா உங்களுக்கு ஏணி பிடிச்சேன். சுவரைக் கொத்தினேன், குழாய் வெட்டினேன், கம்பி இழுத்தேன். அப்பல்லாம் யாரும் சிரிக்கலையா? இன்னிக்கு நாலு மணிக்கு ஆபீஸ் ஜன்னலை மூடிடுவாங்க. விட்டா அடுத்த பரீட்சை ரெண்டு வருஷம் கழிச்சு. "செட்டைத் தனியா மாட்டிக் காட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போடுறேன்"னு சொன்னது எந்த வாய்?

– இந்த வாய்தான். மாட்டிக் காட்டுன்னா பாட வெச்சுக் காட்டுன்னுதான் அர்த்தம்.

– பாட வெச்சேனே நேத்து! மணி இப்ப ஒண்ணரை. ராத்திரிக்கும் காலைக்கும் நடுவுல என்னமோ நடந்திருக்கு. கண்டுபிடிக்காம விட மாட்டேன்.

– ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.

– நான் நேத்து ஆடியாச்சு. தள்ளி நில்லுங்க, முதல்ல பேட்டரியோட மைனஸைக் கழட்டணும்.

– அட, பன்னண்டு வோல்ட்டும்மா! ஒரு கொசுவைக்கூடக் கொல்லாது. நான்லாம் அதைக் கழட்டுறதே இல்ல.

– ஆளைக் கொல்லாதுதான். ஆனா ஸ்பேனர் ஒரு தடவை பிளஸ்ஸையும் வண்டி பாடியையும் சேத்துத் தொட்டா, கம்பி பழுத்து சீட்டு பத்திக்கும். வீட்டுல ஷாக்குக்குப் பயப்படணும், வண்டியில நெருப்புக்குப் பயப்படணும். ரெண்டும் வேற வேற பயம்.

– அடேயப்பா! வாத்தியாரம்மா.

– கிண்டல் பண்ணிக்கோங்க. இதோ, மஞ்சள் கம்பி. சாவியை எடுத்தாலும் இதுல கரண்ட் இருக்கணும். ஸ்டேஷனும் மணியும் மறக்காம இருக்கிறது இதாலதான். சிவப்பு, சாவி திருப்பினா மட்டும் உயிர் வரும். ரெண்டையும் மாத்திக் குடுத்திருந்தா தினம் காலையில செட்டுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நான் பேட்டரியைக் கழட்டுற வரைக்கும் மணி சரியாக் காட்டிச்சா இல்லையா?

– காட்டிச்சு.

– அப்ப அது ரெண்டும் சரி. எழுதிக்கோங்க.

– ஏன், நான் உனக்கு குமாஸ்தாவா? சரி, கறுப்பு எங்க? கறுப்புன்னா நியூட்ரல்தானே, அதுல ஏதாவது கோளாறா இருக்கும்.

– வண்டியில நியூட்ரல் கியர்ல மட்டும்தான் இருக்கு. கறுப்பு பாடிக்குப் போகுது. பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளன்னு தெரிஞ்ச அப்புறம்தான் போல்ட்டை முறுக்கினேன். இழுத்துப் பாருங்க. இழுங்க, நல்லாவே இழுங்க!

– ஆடல. சரி, ஜாயின்ட் எல்லாம் என்ன இப்படி? நறுக்குன்னு முறுக்கி டேப் சுத்தினா முடிஞ்சுது. நீ ஒவ்வொண்ணுக்கும் நகை செஞ்சு போட்டிருக்க.

– மதிய வெயில்ல மூடின வண்டிக்குள்ள உக்காந்திருக்கீங்களா? டேப்போட பசை உருகி வழுக்கிடும். கம்பி வெளிய எட்டிப் பாக்கும். வண்டி குலுங்குற குலுக்கல்ல முறுக்கின முறுக்கும் பிரியும். அதான் கனெக்டர் போட்டு நசுக்கி, மேல குழாய் மாதிரி ஸ்லீவ் போட்டு, சூடு காட்டிச் சுருக்கியிருக்கேன். உங்க எந்த ஜாயின்டாவது இப்படி இருக்கா, சொல்லுங்க.

– ஜாயின்ட் அழகா இருந்தா போதுமா? பாடலையே!

– மீட்டரை எடுங்க. பீப் சத்தத்துல வையுங்க. செட்டோட பிளக்கைப் பிடுங்கிட்டேன். இப்ப ஸ்பீக்கர் கம்பிக்கும் பாடிக்கும் நடுவுல வெச்சுப் பாக்கணும். எட்டு கம்பி இருக்கு. கம்பி பாடியைத் தொட்டிருந்தா மீட்டர் கத்தும்; ஒண்ணுகூடக் கத்தக்கூடாது.

– கத்தினா?

– கத்தினா அங்கதான் திருடன். முன்பக்கம் வலது… இல்ல. முன்பக்கம் இடது… இல்ல. பின்பக்கம் வலது… இல்ல. பின்பக்கம் இடது… ஏங்க! கத்துதுங்க! இது எப்படி பாடியைத் தொடும்? இதை நான் ஓரமா, கார்ப்பெட்டுக்கு அடியில, தகரமே படாம கொண்டு போனேனே!

– எந்தக் கம்பி?

– பச்சை.

– அட, பச்சை கத்தணும்மா! கத்தலேன்னாதான் தப்பு. நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். பொண்டாட்டி மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். நீ கிளறிட்டே, சொல்றேன். காலையில நீ தூங்கிட்டிருந்தப்ப எட்டிப் பாத்தேன். பச்சையைக் கொண்டு போய் ஸ்பீக்கர்ல சேத்து வெச்சிருக்க! எர்த்தை எவளாவது ஸ்பீக்கருக்குக் குடுப்பாளா? எனக்குப் பகீர்னுச்சு. அங்கிருந்து வெட்டி, ஒழுங்கா பாடியில முறுக்கினேன். உன் மானத்தைக் காப்பாத்தினேன், தெரியுமா?

– என்ன பண்ணினீங்க?

– எர்த் பண்ணினேன்.

– என்னைக் கேக்காம. என் வேலையை. வெட்டி!

– பச்சைன்னா எர்த். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

– வீட்டுல! சுவர்ல! இது வீடா? குனிஞ்சு பாருங்க, கீழ நாலு சக்கரம் இருக்கு! இந்த செட்டுல பச்சை, பின்பக்கம் இடது ஸ்பீக்கரோட பிளஸ். பக்கத்துலயே கறுப்புக் கோடு போட்ட பச்சை இருக்கே, அது அதோட மைனஸ். புத்தகத்துல பதினோராம் பக்கம், படமே போட்டிருக்கான். நான் மூணு தடவை படிச்சேன். நீங்க அந்தப் புத்தகத்தை எதுக்கு வெச்சிருந்தீங்க? டீ டம்ளருக்கு அடியில!

– இருபத்திரெண்டு வருஷமா நான்…

– இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு வீட்டைக்கூட ஓட்டிக்கிட்டுப் போனதில்லையே நீங்க! வெட்டினது ஒரு தப்பு. வெட்டிட்டு, சொல்லாம, காலையிலேருந்து என்னைக் கத்துக்குட்டிங்கிறீங்களே, அதை எங்க போய்ச் சொல்ல?

– சரி, ஒரு சந்தேகம். பச்சை ஒரு ஸ்பீக்கருக்குத்தானே? மத்த மூணும் ஏன் ஊமையாச்சு? அதைச் சொல்லு பாப்போம்.

– சொல்றேன். கோவமா இருந்தாலும் சொல்றேன், ஏன்னா நல்ல கேள்வி. நாலு ஸ்பீக்கருக்கும் உள்ள ஒரே சிப்புதான் சத்தம் அனுப்புது. ஸ்பீக்கர் கம்பி ஒண்ணு பாடியைத் தொட்டா கரண்ட் கன்னாபின்னான்னு ஓடும். சிப்பு எரிஞ்சு போகக்கூடாதுன்னு தானே வாயை மூடிக்கும். மூடினா நாலுக்கும் சேத்துத்தான் மூடும். லைட் வேற வழியில எரியுது, அதான் நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சுது. செட்டுக்கு இருந்த புத்தி…

– சொல்லாதே. புரியுது.

– இந்த போல்ட்டைக் கழட்டுங்க. நீங்க முறுக்கினது, நீங்களே கழட்டுங்க. கனெக்டர் எடுங்க. அது இல்ல, நீலம். கம்பியைத் தோலுரிங்க. ம், போதும். இப்ப நசுக்குங்க. டேப்பைத் தொட்டீங்கன்னா பாருங்க!

– தொடல, தொடல. ஸ்லீவ் எங்க?

– நசுக்குறதுக்கு முன்னாடி கம்பியில கோத்திருக்கணும்.

– ஐயையோ.

– வெட்டுங்க. திருப்பிப் பண்ணுங்க. இன்னொரு தடவை மீட்டர் வையுங்க.

– கத்தல.

– செட்டோட பிளக்கும் பேட்டரியும் மாட்டியாச்சு. சாவியைத் திருப்புறேன். நாலு மூலையும் கேக்குதா?

– கேக்குது. பின்பக்கம் இடதுதான் இருக்குறதுலயே நல்லா கேக்குது.

– அது நீங்களா சொல்லிக்கிறது.

– சரிம்மா. மணி ரெண்டேகால் ஆச்சு. குடு ஃபாரத்தை, எங்க போடணும்?

– கடைசியில. இருங்க, மேல ஒரு கட்டம் எழுதாமலே வெச்சிருந்தேன். "விண்ணப்பதாரர் தானே கண்டறிந்து சரிசெய்த பழுது ஒன்று." அதுக்கு நேர் கீழ, "மேற்கண்டது உண்மை"ன்னு நீங்க போடணும்.

– ஏம்மா… வேற பழுது ஏதாவது எழுதேன். போன மாசம் அந்த ஃபேன்…

– அது நீங்க கண்டுபிடிச்சது. நான் உங்களை மாதிரி இல்ல, அடுத்தவங்க வேலையில கை வெக்க மாட்டேன். படிக்கிறேன், கேட்டுட்டுப் போடுங்க: "கார் ரேடியோவில் எந்த ஸ்பீக்கரும் ஒலிக்கவில்லை. லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், பின்பக்க இடது ஸ்பீக்கரின் பச்சைக் கம்பியை எர்த் என்று எண்ணி வண்டியின் பாடியில் இணைத்திருந்தார். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, அவரைக் கொண்டே பச்சைக் கம்பியைப் பாடியிலிருந்து பிரித்து ஸ்பீக்கரோடு சேர்த்து, ஸ்லீவ் போட்டு மூடச் செய்தேன். ரேடியோ இப்போது பாடுகிறது."